இமை திறக்கும் நொடி

பாரிஸ் நகரின் ஓர்லி விமான நிலையம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு விமானங்களைக் காட்ட அழைத்துவரும் நீண்ட பார்வையாளர் மேடை. அங்கு நின்ற சிறுவன் ஒருவன் ஒரு பெண்ணின் முகத்தைக் காண்கிறான். சற்றைக்கெல்லாம் ஒரு மனிதன் விழுந்து இறக்கிறான். அந்த முகம் சிறுவனின் நெஞ்சைவிட்டு நீங்கவே இல்லை. 1962ஆம் ஆண்டு கிறிஸ் மார்க்கர் இயக்கத்தில் வெளிவந்த 'லா ஜெத்தே' என்னும் பிரெஞ்சுப் படம் இவ்வாறு தொடங்குகிறது. அந்த மேடையைக் குறிக்கும் சொல்லே படத்தின் பெயர். ஓடும் நேரமோ 28 நிமிடம்தான்.

மூன்றாம் உலகப்போரில் பாரிஸ் அழிகிறது. கதிர்வீச்சுக்கு அஞ்சி, எஞ்சியோர் நிலவறைகளில் ஒடுங்குகின்றனர். உணவும் மருந்தும் ஆற்றலும் தேடிச் செல்ல உலகில் இடமில்லை; காலத்தின் வழியே செல்வதொன்றே மிச்சம். போரில் வென்றவர்கள் கைதிகளைச் சோதனைக்கு உள்ளாக்குகின்றனர். சிலர் இறக்கின்றனர், சிலர் சித்தம் கலங்குகின்றனர். பின்னர் அன்றைய சிறுவன், இன்றைய கைதி, தேர்ந்தெடுக்கப்படுகிறான். அதற்குக் காரணம் அவனது உடல்வலிமை அன்று. கடந்தகாலத்து உருவம் ஒன்றை விடாது பற்றியிருக்கும் அவன் மனம். வியத்தகு எந்திரம் எதுவும் இல்லை. ஊசிமருந்து ஏற்றிக் கண்களை மறைத்துக் கிடத்துகின்றனர், நினைவே ஊர்தியாகிறது.

படம் ஏறத்தாழ முழுவதும் அசையாத கறுப்பு வெள்ளை நிழற்படங்களின் கோவை. கதைசொல்லி ஒருவரின் குரல் அவற்றை இணைத்துச் செல்கிறது. இதனை வெறும் புதுமை உத்தி என ஒதுக்குவது பொருந்தாது. பிரிந்துபோன ஒருவரை நினைக்கையில் அவரது ஒரு நாள் முழுவதும் மனத்தில் ஓடுவதில்லை. வாயிற்படியில் நின்ற நிலை, திரும்பி நோக்கிய பார்வை என ஒன்றிரண்டு தோற்றங்களே உறைந்து நிற்கின்றன. இடைவெளிகளை மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. மார்க்கர் அந்த வேலையைக் காண்போரிடமே விட்டுவிடுகிறார்.

ஒரே ஓரிடத்தில் மட்டும் படம் அசைகிறது. உறங்கும் அப்பெண்ணின் தோற்றங்கள் ஒன்றிலொன்று கரைகின்றன. பறவைகளின் ஒலி பெருகுகிறது. அவள் விழி திறந்து இமைக்கிறாள். சில நொடிகள்தாம். பெரும்பொருள் செலவிட்டு எழுப்பிய எத்தனையோ காலப்பயணக் காட்சிகள் அவ்வொரு இமைப்பின் முன் வெளிறிப்போகின்றன. 1995இல் இப்படத்தைத் தழுவி டெர்ரி கில்லியம் எடுத்த 'ட்வெல்வ் மங்கீஸ்' விறுவிறுப்பானதுதான். ஆயினும் இந்த அமைதி அதற்கு வாய்க்கவில்லை.

எதிர்கால மாந்தர் அவனைத் தம்மோடு வாழ அழைக்கின்றனர். அவனோ கடந்தகாலத்தையே கேட்டுப் பெறுகிறான். மேடையில் அவளை நோக்கி ஓடும்போது, நிலவறையிலிருந்து பின்தொடர்ந்து வந்தவனைக் கண்டுகொள்கிறான். சிறுவயதில் அவன் கண்ட மரணம் அவனுடையதே. முடிவில் வைத்த திருப்பம் என்று மட்டும் இதைக் கொள்வது போதாது. அவன் அத்தனை ஆண்டுகளும் முகத்தை மட்டுமே போற்றிவந்தான். அதனருகே விழுந்த மனிதனை நினைவின் ஓரத்தில் ஒதுக்கியிருந்தான். இரண்டும் ஒரே நினைவின் பகுதிகள். ஒன்றைத் தேடி வந்தவனுக்கு மற்றதும் அங்கேயே காத்திருந்தது.

அவன் வீழ்கிறான். அம்மேடையில் எங்கோ ஓரிடத்தில், பெற்றோருடன், அச்சிறுவனும் அப்போது நின்றுகொண்டிருக்கிறான்.