நினிவே ஏன் அழியவில்லை?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மரக்காணம் உப்பளங்களில் பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. 2004இல் சுனாமி, 2011இல் தானே புயல், பிறகு இது. ஒவ்வொரு அழிவுக்குப் பிறகும் கிறிஸ்தவர்களிடையே ஒரு பேச்சு எழுகிறது: “கர்த்தர் தீர்மானித்துவிட்டார், அவர் மனம் மாறுகிறவர் அல்ல.” ஆறுதலாகச் சொல்லப்படும் இந்தப் பேச்சு, தலைவிதி நம்பிக்கைக்குப் போர்த்திய வேதாகமப் போர்வை. வேதாகமமோ இதற்கு உடன்படவில்லை.

ஆதாரமாக நீட்டப்படுவது எண்ணாகமம் 23ஆம் அதிகாரம். தேவன் மனிதனைப்போல மனம் மாறுவதில்லை என்று அங்கே பிலேயாம் சொல்வது உண்மைதான். யாரிடம் சொன்னான்? இஸ்ரவேலரைச் சபிக்கக் கூலி பேசி அவனை அழைத்துவந்த மோவாப் அரசன் பாலாக்கிடம். ஏழு பலிபீடம், ஏழு காளை, ஏழு ஆட்டுக்கடா, சாபம் வரவில்லை. வேறொரு மலை, மறுபடியும் ஏழு ஏழாக. அங்கும் வரவில்லை, மூன்றாவது இடம். இந்த அலைச்சலுக்கு நடுவே வந்த பதில் அது. காணிக்கையைக் கூட்டிக் கடவுளை விலைக்கு வாங்க முடியாது என்பதே அதன் பொருள். வீடிழந்தவர்களின் கண்ணீருக்கு அவர் செவிகொடுக்கமாட்டார் என்று அது சொல்லவில்லை.

முதலாம் சாமுவேல் 15ஆம் அதிகாரம் இன்னும் வலுவான சாட்சி. சவுலை அரசனாக்கியதற்காகக் கடவுள் வருந்தினார் என்று 11ஆம் வசனமும் 35ஆம் வசனமும் சொல்கின்றன. இடையில் 29ஆம் வசனத்தில், அவர் மனம் மாறுகிறவர் அல்ல என்கிறார் சாமுவேல். ஒரே அதிகாரத்துக்குள் எழுதியவர் தம்மையே மறந்திருப்பாரா? சாமுவேலின் சால்வையைப் பிடித்திழுத்துக் கிழித்த சவுல், அடுத்துக் கேட்பது மூப்பர்கள் முன்னிலையில் தன் மரியாதையைக் காப்பாற்றித் தரும்படி. பதவியை விடாமல் பற்றியிருப்பவனுக்குத்தான் அந்தக் கதவு மூடப்பட்டது.

பற்றாமல் அழுதவர்களுக்கு அது திறந்தது. சாகப் போகிறாய் என்று அரசன் எசேக்கியாவிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்ட தீர்க்கதரிசி ஏசாயா முற்றத்தின் பாதியைக்கூடத் தாண்டவில்லை, திருப்பி அனுப்பப்பட்டார். அரசனின் ஆயுளில் 15 ஆண்டுகள் கூட்டப்பட்டன. நினிவேக்கு 40 நாள் கெடு வைத்த யோனாவின் அறிவிப்பில் “திருந்தினால் தப்பலாம்” என்ற விதிவிலக்கே இல்லை. ஆனாலும் நகரம் திருந்தியது, தப்பியது. கடவுள் இப்படித்தான் செய்வார் என்று முன்பே தெரியும் என யோனா கோபித்துக்கொண்டான். எரேமியா 18 இதைப் பொது விதியாகவே வைக்கிறது: அழிவு அறிவிக்கப்பட்ட தேசம் திரும்பினால் அழிவும் திரும்பும்.

இவையெல்லாம் மனித அறிவுக்கு இறங்கிவந்த பேச்சு, கடவுள் உண்மையில் வருந்துவதில்லை என்று சீர்திருத்த இறையியலாளர் கால்வின் போன்றோர் விளக்கினார்கள். அந்த அளவுகோலைப் பிலேயாமின் வாக்கியத்துக்கு மட்டும் ஏன் வைக்கக் கூடாது? ஒன்றை எழுத்துக்கு எழுத்தாகவும் இன்னொன்றை உவமையாகவும் எடுப்பது நேர்மையான வாசிப்பு இல்லை.

அப்படியானால் புயலில் அடிபட்டவர்கள் போதுமான அளவு ஜெபிக்கவில்லையா? இந்தக் கொடுமையான முடிவுக்கும் இடமில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்று லூக்கா 13இல் இயேசு தெளிவாகச் சொல்கிறார். 1934 ஜனவரியில் திருநெல்வேலியில் காந்தி, பீகார் நிலநடுக்கத்தைத் தீண்டாமைப் பாவத்துக்கான தண்டனை என்றபோது தாகூர் கடுமையாக மறுத்தார். அந்த விவாதத்தில் தாகூரின் பக்கமே லூக்காவும் நிற்கிறார்.

மாறாதது ஒன்று உண்டு. உப்பு விளையும் கரைக்கு அதன் பெயர் அந்நியமல்ல. எண்ணாகமம் 18 அதை உப்பு உடன்படிக்கை என்கிறது: கொடுத்த வாக்கு கெடாது. கடவுள் மாறாதவர் என்று மல்கியா சொல்வதும், அதனாலேயே யாக்கோபின் மக்கள் அழியாதிருக்கிறார்கள் என்பதற்காகத்தான். மாறாமையை இரக்கத்துக்குக் காரணமாக அவர் காட்டுகிறார். பிரசங்கங்களோ அதையே இரக்கமின்மைக்குக் காரணமாக்குகின்றன.

மழை மாதங்களில் வேலையற்றிருக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம், தொழிலாளர்கள் கேட்டுக் கேட்டுப் பெற்றது. எல்லாம் முன்பே முடிவானது என்று உபதேசிக்கும் போதகர்கள், கேட்க வேண்டியவர்களின் வாயைத்தான் அடைக்கிறார்கள். அடுத்த புயலுக்குப் பிறகு எண்ணாகமம் 23ஐ வாசிக்கிறவர்கள், அதே மேடையில் எரேமியா 18ஐயும் யோனாவின் நான்கு அதிகாரங்களையும் முழுமையாக வாசிக்கட்டும்.