தண்ணீர் கழுவாத புகை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நம் தெருவிலேயே வசிக்கும் நண்பர் ஒருவர் கையில் துணிப்பையுடன் வந்து சேர்ந்தார். முகத்தில் கவலை தெரிந்தது. பையிலிருந்து நீண்ட கழுத்துள்ள ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்து மேஜைமீது வைத்தார். அதன் பக்கவாட்டில் ஒரு சிறு குழாயும், குழாயின் முனையில் கிண்ணம் போன்ற ஒரு பகுதியும் இருந்தன.

"ஸார், லீவுக்கு வந்திருக்கிற பையனின் பெட்டியில் இது இருந்தது. என்னடா என்று கேட்டால், காலேஜில் ரஸாயனப் பரிசோதனைக்கு வேண்டியது என்கிறான். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

அது என்னவென்று நமக்குப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் நண்பரின் முகத்தைப் பார்த்தபோது சட்டென்று சொல்ல வாய் வரவில்லை. "இது இங்கேயே இருக்கட்டும். மாலையில் பையனை அனுப்பி வையுங்கள்" என்று மட்டும் சொன்னோம்.

பையன் வந்தான். நம்மிடம் படித்த கெட்டிக்காரப் பிள்ளை. மேஜைமீது இருந்ததைக் கண்டதும் தலை குனிந்தான். நாம் ஒன்றும் கேட்கவில்லை, அவனே தொடங்கினான்.

"கஞ்சாதான், ஸார். ஆனால் இதில் புகை தண்ணீருக்குள் புகுந்துதான் வருகிறது. கெடுதலெல்லாம் தண்ணீரிலேயே தங்கிவிடும். நீங்கள்தானே ஒன்பதாம் வகுப்பில் செய்து காட்டினீர்கள்?"

இருபது வருஷ உபாத்தியாயத் தொழிலில் இவ்வளவு கூர்மையான கேள்வியை நாம் சந்தித்ததில்லை. அவன் சொன்னது உண்மை. சலவைக்கல்லின்மீது அமிலத்தை ஊற்றிக் கரியமில வாயுவைத் தயாரித்து, அதைத் தண்ணீரின் வழியாகச் செலுத்தி, "பாருங்கள், கலந்திருந்த அமில ஆவியைத் தண்ணீர் கழுவி விடுகிறது" என்று வருஷந்தோறும் சொல்லி வருகிறோம். தண்ணீர் எதைக் கழுவும் என்று சொன்னோமே தவிர, எதைக் கழுவாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

ஆனால் இந்த நம்பிக்கை நம் வகுப்பறையில் பிறந்ததன்று. அதற்குப் பல நூறு வயது ஆகிறது. அக்பர் சக்கரவர்த்தியின் சபைக்குப் புகையிலை வந்த கதை ரஸமானது. பீஜப்பூருக்குத் தூது சென்ற ஆஸத் பேக் என்பவர், 1604-ஆம் ஆண்டு வாக்கில், அங்கிருந்து புகையிலையும் அழகிய குழாயும் கொண்டுவந்து சக்கரவர்த்தியிடம் சமர்ப்பித்தார். அரண்மனை வைத்தியர் தடுத்தார். பரீக்ஷை செய்து பாராத வஸ்துவை ஏற்கலாகாது என்றார். எந்த வழக்கமும் ஒரு காலத்தில் புதியதுதானே என்று ஆஸத் பேக் வாதாடினார். அக்பர் சில இழுப்புகள் இழுத்துப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் பிரபுக்கள் நிறுத்தவில்லை. ஜஹாங்கீர் 1617-ஆம் ஆண்டில் புகை பிடிப்பதற்குத் தடை விதித்தும் பயனில்லை.

புகையைத் தண்ணீர் வழியே செலுத்தினால் தீங்கு குறையும் என்ற யோசனையைச் சொன்னவர், அக்பரின் வைத்தியர்களில் ஒருவரான ஹக்கீம் அபுல் ஃபத் கிலானி என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். ஆனால் அந்த ஹக்கீம் காலமானது 1589-இல். ஆஸத் பேக் புகையிலை கொண்டுவந்ததோ பதினைந்து வருஷங்களுக்குப் பிறகு. ஆகவே கதை கொஞ்சம் நொண்டுகிறது. வைத்தியர் பெயரைச் சேர்த்தால் எந்தப் பழக்கத்துக்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறதல்லவா? அதுதான் இங்கேயும் நடந்திருக்கும் போலிருக்கிறது.

தண்ணீர்க் குழாய் புகையிலைக்கும் மூத்தது என்பதற்குச் சான்று ஆப்பிரிக்காவில் இருக்கிறது. எத்தியோப்பியாவில் லாலிபேலா என்னும் குகையில் கண்டெடுத்த களிமண் கிண்ணங்கள் சுமார் பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. தண்ணீர்க் குழாய்களின் பகுதிகள் என்று கருதப்படுபவை. அவற்றில் கஞ்சாவின் சுவடு இருந்தது. அமெரிக்காவிலிருந்து புகையிலை கிளம்பியதோ 1492-க்குப் பிறகுதான். அதற்கும் வெகு காலம் முன்பே, சுமார் 2500 வருஷங்களுக்கு முன், பாமீர் மலைப் பிரதேசத்தில் கஞ்சாவைச் சூடான கற்களின்மீது இட்டுப் புகைத்திருக்கிறார்கள். அங்குள்ள கல்லறைகளில் கிடைத்த மரத் தணப்புகளை ஆராய்ந்து 2019-ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார்கள்.

பாரசீகத்தார் தண்ணீர்க் குழாய்க்கு இட்ட பெயர்களில் ஒன்று 'நார்கிலே'. இது நம் நாட்டு 'நாரிகேளம்' என்ற சொல்லிலிருந்து போனது. தேங்காய்ச் சிரட்டையே முதலில் தண்ணீர்ப் பாத்திரமாக இருந்தது. வங்காளத்துக் குடியானவர்கள் சிரட்டை ஹூக்காவை வெகு காலம் பயன்படுத்தினார்கள். கல்கத்தாவிலிருந்த வெள்ளைக்காரத் துரைகளோ, பதினெட்டாம் நூற்றாண்டில், ஹூக்காவைத் தூக்கிவர ஒரு தனி வேலைக்காரனையே வைத்திருந்தார்கள். தாய்லாந்தில் மூங்கிற் குழாய் அந்த வேலையைச் செய்தது. அந்நாட்டுச் சொல்தான் 'பாங்' என்று திரிந்து, இன்று நம் நண்பரின் மகன் பெட்டிவரை வந்திருக்கிறது. நம் நாட்டில் கஞ்சா பிடிப்பவர்கள் பெரும்பாலும் மண் சிலும்பியையே கையாண்டார்கள். அவர்களும் அதன் அடியில் ஈரத் துணியைச் சுற்றிக்கொள்வது வழக்கம். எங்கு போனாலும் தண்ணீரின்மேல் இதே நம்பிக்கைதான்.

இந்த நம்பிக்கை மெய்யா? பையனை அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துச் சோதனைச் சாலைக்குப் போனோம். ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி, அதன் புகையை ரப்பர்ப் பந்தினால் இழுத்து, கழுவு புட்டியின் தண்ணீருக்குள் செலுத்தினோம். மறு பக்கத்தில் வெளிவந்தது என்ன? புகைதான்! கண்ணுக்கு நன்றாகத் தெரியும் புகை. வாயில் வைத்திருந்த வெண்பஞ்சு சற்று நேரத்தில் பழுப்பேறியது.

காரணம் எளியது. புகை தண்ணீரில் கரைந்து போவதில்லை. குமிழிக்குள் ஒளிந்துகொண்டு கணப் பொழுதில் மேலே வந்துவிடுகிறது. குமிழியின் விளிம்பு மட்டுமே தண்ணீரைத் தொடுகிறது. அமில ஆவி தண்ணீரில் கரையும். கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷ வாயு கரையாது. எண்ணெய்ப் பசையுள்ள தாரும் பெரும்பாலும் கரையாது. தண்ணீர் செய்யும் முக்கியமான வேலை புகையைக் குளிர்விப்பதுதான். தொண்டை எரிந்தால் மனிதன் நிறுத்திக்கொள்வான்; எரியாததால் இன்னும் ஆழமாக இழுக்கிறான். காவற்காரன் வாயைப் பொத்திவிட்டுக் கள்ளனை உள்ளே விடுவது போன்ற உபகாரம் இது.

1996-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஒரு பரிசோதனையில், தண்ணீர்க் குழாய் தாரைவிடக் கஞ்சாவின் போதைப் பொருளையே அதிக விகிதத்தில் தடுத்தது தெரிந்தது. அதே போதைக்கு இன்னும் அதிகப் புகையை இழுக்க வேண்டும் என்பதே இதன் பொருள். புகையிலை ஹூக்காவைப் பற்றி உலக சுகாதார ஸ்தாபனம் 2005-ஆம் ஆண்டில் எச்சரித்தது: ஒரு முறை உட்கார்ந்து எழுவதற்குள் நூறு சிகரெட்டுகளின் அளவுக்கோ, அதற்கு மேலுமோ புகை உள்ளே போகக்கூடும். ஒரே குழாயைப் பலர் வாயில் வைப்பதால் நோய் பரவும் அபாயம் வேறு.

கஞ்சாவை ஒரேயடியாகப் பூதமாக்கிப் பயமுறுத்துவது நம் நோக்கமன்று. 1893-94-இல் அமைந்த கஞ்சா விசாரணைக் கமிஷன் 1,193 சாட்சிகளை விசாரித்து, மிதமான உபயோகத்தால் பெரும் தீங்கில்லை என்றும், மிதமிஞ்சினால் கெடுதல் என்றும் அபிப்பிராயம் கூறியது. வரி வருமானமும் சர்க்காருக்குக் கசக்கவில்லை! ஆனால் பிற்கால ஆராய்ச்சிகள் அந்தக் கமிஷன் அறியாத ஒன்றைக் காட்டியிருக்கின்றன. மனிதனின் மூளை ஏறக்குறைய இருபத்தைந்து வயதுவரை வளர்கிறது. பருவ வயதில் கஞ்சாவைத் தொடங்கியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார்கள். 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதை வைத்திருப்பதும் குற்றம்.

இவ்வளவையும் கேட்ட பிறகு, பையன் பழுப்புப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பாவிடம் என்ன சொல்லப் போகிறீர்கள், ஸார்?" என்றான்.

"தப்புப் பாதி என்னுடையது, தம்பி, பாடத்தைப் பாதியில் நிறுத்தியவன் நான். அதை நான் திருத்திக்கொள்கிறேன். பொய் சொன்னது நீ. அதை நீதான் திருத்த வேண்டும்" என்றோம்.

இரவு எட்டு மணிக்கு நண்பர் வந்தார். "எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அடிக்கத்தான் கை ஓங்கினேன், அவன் அழுததைப் பார்த்து முடியவில்லை" என்றார். நாளை இருவருமாக ஒரு டாக்டரிடம் போகிறார்களாம். தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து போவதே பாதி வைத்தியம் என்று நமக்குத் தோன்றியது.

கங்கையில் முழுகினாலும் காக்கை அன்னமாகுமா என்று நம் பெரியவர்கள் கேட்டார்கள். தண்ணீரில் முழுகிய புகைக்கும் அதே கேள்விதான். இந்த வருஷம் முதல் ஒன்பதாம் வகுப்பில் அமில ஆவியைக் கழுவிக் காட்டியதும், ஊதுவத்தியையும் வெண்பஞ்சையும் எடுத்து மேஜைமேல் வைக்கிறோம்.