சமைத்த கறியிலும் மானைக் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி: கிரிவலப் பாதையை ஒட்டிய நிலங்களுக்கு மலைக்காட்டிலிருந்து புள்ளிமான்கள் இறங்கி வருகின்றன. நாய் கடித்துச் செத்த மானைச் சிலர் அறுத்துப் பங்கு போடுகிறார்கள். கறியான பிறகு அது மான்தான் என்று எப்படி நிரூபிப்பார்கள்?
– வாசகர், அடிஅண்ணாமலை.

பதில்: தோலோ கொம்போ இருந்தால் வனத்துறையினர் பார்த்தே சொல்லிவிடுவார்கள். துண்டு போட்ட கறியில் அது முடியாது. அதற்குத்தான் மரபணுப் பரிசோதனை.

உடலின் செல்களில் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு உண்டு. அதற்குத் தனி டி.என்.ஏ இருக்கிறது, ஒரே செல்லில் நூற்றுக்கணக்கான பிரதிகள் இருக்கும். குழம்பில் கொதித்தால் டி.என்.ஏ நொறுங்கும். ஆனாலும் இத்தனை பிரதிகளில் சில துண்டுகள் பெரும்பாலும் மிஞ்சும். கத்தியில் காய்ந்த ரத்தம், எலும்புச் சில்லு, முடிகூடப் போதும். 'சைட்டோகுரோம் பி' என்ற மரபணுவின் ஒரு பகுதியை பி.சி.ஆர் முறையில் பெருக்கி, ஏற்கெனவே பதிவான விலங்குகளின் மரபணுவோடு ஒப்பிடுவார்கள். எந்த விலங்கு என்று தெரியாமலே இப்படிச் சோதிக்கும் வழியை, ஐதராபாத் சி.சி.எம்.பி விஞ்ஞானிகள் சுனில் குமார் வர்மாவும் லால்ஜி சிங்கும் 2003-ல் வெளியிட்டார்கள்.

மான் என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்த மான் என்றும் தெரிய வேண்டும். வெளிமான் அட்டவணை 1-ல் இருக்கிறது. 3 முதல் 7 ஆண்டு சிறை. (பெயரில்தான் அது மான், உறவு முறையில் ஆடு, மாட்டுக் குடும்பம்.) புள்ளிமான் 2022 திருத்தத்துக்குப் பிறகு அட்டவணை 2-ல் உள்ளது, 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

'நாய் கடித்துத்தானே செத்தது' என்று சொல்லித் தப்ப முடியாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ம் பிரிவுப்படி, செத்துக் கிடக்கும் மானும் அரசின் சொத்து. தவிர, மரபணுச் சோதனை இனத்தைத்தான் சொல்லும். நாய் கடித்ததா, கண்ணி வைத்ததா, மின்வேலியில் சிக்கியதா என்று சொல்லாது. அதைக் கால்நடை மருத்துவர் முழு உடலைப் பிரேதப் பரிசோதனை செய்துதான் சொல்ல முடியும். அறுத்துப் பங்கு போட்டுவிட்டால், நாய்க்கடிக்கு இருந்த ஒரே அத்தாட்சியும் போய்விடும். வேட்டைக்காரருக்கும் அவருக்கும் வித்தியாசம் காட்ட வழியில்லை. நிலத்தில் மான் செத்துக் கிடந்தால் தொடாமல், உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சந்தேகத்தில் பிடிபட்டவரிடம் இருப்பது வெள்ளாட்டுக் கறிதான் என்றால், அதையும் இதே சோதனை காட்டிவிடும். மாதிரியை மட்டும் ஃபார்மலினில் போடக் கூடாது, டி.என்.ஏ கெட்டுவிடும். எத்தனால் அல்லது உறைகுளிர்தான் சரி.