போட்டோ எடுத்தாங்க சார்!

சில வருடங்களுக்கு முன் ஒரு கிளை நூலகத்துக்குப் போயிருந்தேன். (ஊர் பேர் வேண்டாம், நூலகர் பாவம்.) மூலையில் ஆறு கம்ப்யூட்டர்கள், நவராத்திரி முடிந்த கொலு பொம்மைகள் மாதிரி துணி சுற்றி இருந்தன. சுவரில், கொடுத்த கம்பெனியின் பெயர் பளபளவென்று கல்வெட்டில்.

‘‘ஏன் சார் மூடி வெச்சிருக்கீங்க?’’

‘‘யு.பி.எஸ். பேட்டரி போயிடுச்சு சார். கம்பெனியைக் கேட்டா, கொடுத்ததோட எங்க வேலை முடிஞ்சதுங்கறாங்க. ஆபீஸைக் கேட்டா, நாங்க வாங்கின சாமான் இல்லையே, எந்தக் கணக்குல எழுதறதுங்கறாங்க.’’

‘‘எழுத்துல ஏதாவது வாங்கினீங்களா?’’

‘‘போட்டோ எடுத்தாங்க சார்.’’

அந்த போட்டோதான் நம் ஊர் ஒப்பந்தம்!

2013 கம்பெனிகள் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவிகிதத்தை சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் பொது நூலகம் அமைப்பதும் உண்டு. ஆகவே புரவலர்கள் இன்னும் வருவார்கள். வரட்டும், காசு கொடுக்க வருகிறவரை விரட்ட எனக்கென்ன பைத்தியமா? கையெழுத்துப் போட்டுவிட்டுக் கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் ஆண்ட்ரூ கார்னகி கில்லாடி. (தன் தொழிலாளிகளை அவர் நடத்திய லட்சணம் வேறு கதை.) அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட 1,700 நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார். கேட்ட உடனே செக் கிழித்துக் கொடுக்கவில்லை. இடம் உன்னுடையது; நான் கொடுக்கும் தொகையில் பத்து சதவிகிதத்தை வருடா வருடம் ஊர்ப் பணத்திலிருந்து நூலகத்துக்கு ஒதுக்குவதாக எழுதிக் கொடு என்றார். பத்தாயிரம் டாலருக்குக் கட்டடம் என்றால் வருடம் ஆயிரம் டாலர் ஊர் செலவழித்தாக வேண்டும். ‘ஆளை விடு சாமி’ என்று கும்பிடு போட்ட ஊர்களும் இருந்தன. எழுதிக் கொடுத்த ஊரில் பேட்டரி யார் வாங்குவது என்ற கேள்வியே வராது!

இன்று லாஸ் ஏஞ்சலஸ், சியாட்டில் போன்ற நகரங்களில் பொது நூலகத்துக்கு நன்கொடை திரட்டவென்றே தனி அறக்கட்டளை இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு தரப்புக்கும் நடுவே பேப்பரில் இருக்க வேண்டியது என்ன? எந்தப் புத்தகம் வாங்குவது என்று தீர்மானிப்பது யார், திரட்டியதில் அறக்கட்டளை தன் செலவுக்கு எவ்வளவு எடுக்கலாம், கடையை மூடினால் மிச்சப் பணம் யாருக்கு, கணக்கை யார் பார்ப்பார்கள். மாமியார் மருமகள் சண்டைக்கு முன்பே பாத்திரங்களில் பெயர் வெட்டிவிடுவது மாதிரி.

முக்கியமாக, விற்கும் உரிமை யாருக்கு? நியூயார்க்கில் நடந்ததைப் பாருங்கள். எஸெக்கியல் டானல் என்ற பருத்தி வியாபாரி உயிலில் விட்டுப்போன சொத்தின் பேரில் 1955ல் திறந்த நூலகம் அது. நியூயார்க் பொது நூலகத்தின் கிளைகள் ஓடுவது பெரும்பாலும் அரசாங்கப் பணத்தில். ஆனால், நிர்வாகம் தனியார் டிரஸ்டிகள் கையில். 2007ல் டானல் நூலகத்தை ஹோட்டல் கட்ட 59 மில்லியன் டாலருக்குப் பேரம் முடித்த பிறகுதான் வாசகர்களுக்கு விஷயம் தெரிந்தது. 2008ல் கதவு மூடியது. புது நூலகம் 2016ல் வந்தது. பழையதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, அதிலும் பெரும்பகுதி தரைக்குக் கீழே. மேலே எழும்பிய கோபுரத்தில் உச்சி வீடு ஒன்றுக்கு மட்டும் சொன்ன விலை 60 மில்லியன் டாலர்!

நம் ஊருக்கு வருவோம். 1948லேயே நூலகச் சட்டம் போட்டவர்கள் நாம். வீட்டு வரி கட்டும்போது ஒரு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். வசூலித்த உள்ளாட்சி அதை நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்காமல் பாக்கி வைப்பது பழைய வியாதி. இதில் ஒரு புரவலர் வந்தால் என்ன ஆகும்? ‘அதான் கம்பெனி கொடுக்குதே’ என்று பாக்கிக்கு நியாயமும் கிடைத்துவிடும். அப்புறம் அந்தக் கம்பெனி அடுத்த வருடம் மரம் நடப் போய்விடும்.

எனவே ஒப்பந்தத்தின் முதல் வரி இதுவாக இருக்க வேண்டும்: இந்த நன்கொடையைக் காரணம் காட்டி நூலக வரியில் ஒரு பைசாவும் குறைக்கக் கூடாது. அதன் நகலை கிளை நூலகத்தில், பேப்பர் படிக்கும் மேஜைக்கு எதிரே ஓர் ஆணி அடித்து மாட்டுங்கள். கல்வெட்டுக்கு இடம் இருந்த சுவர்தானே?