மொத்தம் என்னும் எண்

பித்தம் என்ற சொல் நம் பேச்சில் நெடுங்காலமாகப் புழங்கி வருவது. சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றனுள் ஒன்றாக அதனைக் கொள்கிறது. தலைச்சுற்றலையும் வாய்க்கசப்பையும் நாம் பித்தம் என்றே சொல்லிவிடுகிறோம். இக்கட்டுரை பேசுவது அந்தப் பித்தத்தைப் பற்றியன்று. கல்லீரல் சுரக்கும் பித்தநீரில் கரைந்துள்ள பித்த அமிலங்களைப் பற்றியது. அவற்றை எவ்வாறு அளக்கின்றனர், அளந்து கிடைத்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பனவே இங்கு எழும் வினாக்கள்.

கல்லீரல் கொலஸ்டிராலிலிருந்து கோலிக் அமிலம், கீனோடிஆக்சிகோலிக் அமிலம் ஆகிய இரண்டையும் ஆக்குகிறது. இவை பித்தநீருடன் சிறுகுடலை அடைந்து, உண்ட கொழுப்பைச் சிறு துளிகளாக உடைத்துச் செரிமானத்திற்குத் துணைசெய்கின்றன. பணி முடிந்ததும் இவை வீணாவதில்லை. ஏறத்தாழ 95 விழுக்காடு குடலால் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது. இடையில் குடல் நுண்ணுயிரிகள் ஒரு பகுதியை மாற்றி, டிஆக்சிகோலிக் அமிலம் முதலியவற்றை உருவாக்குகின்றன. திரும்பும் அமிலத்தைக் கல்லீரல் உடனுக்குடன் பற்றிக்கொள்வதால், நலமுள்ளவரின் குருதியில் மிகச் சிறிதளவே எஞ்சும். வெறும் வயிற்றில் பெரும்பாலும் லிட்டருக்கு 10 மைக்ரோமோலுக்கும் குறைவு. அவ்வளவு கூடுமாயின், கல்லீரலிலோ பித்தநீரின் வழியிலோ தடை இருக்கக்கூடும்.

இவ்வளவு சிறிய எண்ணால் ஆவதென்ன எனலாம். கருவுற்ற பெண் ஒருவருக்குக் கடைசி மூன்று மாதங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கின்றன. தோலில் தடிப்பு இல்லை. இரவில் உறக்கம் கெடுகிறது. பிள்ளைத்தாய்ச்சிக்கு அரிப்பு இயல்புதான் என்று வீட்டிலுள்ளோர் தேற்றுவர். பெரும்பாலும் அஃது உண்மையே. ஆயினும் சிலருக்கு அது பித்தநீர்த் தேக்கத்தின் அறிகுறி. 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்று, இத்தேக்கமுற்ற ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட தாய்மாரின் தரவுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. ஒற்றைக் குழந்தையைச் சுமந்தோருள், மொத்தப் பித்த அமிலத்தின் உச்ச அளவு 40 மைக்ரோமோலுக்குக் குறைந்திருந்தவர்களிடம் குழந்தை கருப்பையிலேயே இறத்தல் 0.13 விழுக்காடு, 40 முதல் 99 வரை இருந்தவர்களிடம் 0.28 விழுக்காடு, 100ஐ எட்டியோ கடந்தோ இருந்தவர்களிடம் 3.44 விழுக்காடு. மகப்பேற்றை முன்னதாகவே நிகழ்த்துவதா, காத்திருப்பதா என மருத்துவர் முடிவு செய்ய இவ்வெண் துணையாகிறது. ஆகவே, தடிப்பின்றி அரிப்புறும் கருவுற்ற பெண்ணுக்கு இச்சோதனையைத் தயங்காது செய்தல் வேண்டும். அந்த எண் எவ்வாறு பெறப்பட்டது என்னும் செய்தியும் அதனுடன் தரப்படவேண்டும் என்பதே என் கருத்து.

பித்த அமிலத்தைக் கண்டறியும் முயற்சி பழையது. 1844இல் ஜெர்மானியரான பெட்டன்கோஃபர், பித்தநீருடன் சர்க்கரையையும் கந்தக அமிலத்தையும் சேர்த்தால் செவ்வூதா நிறம் தோன்றுவதைக் காட்டினார். இவ்வமிலங்களின் அமைப்பை ஆராய்ந்த ஹைன்ரிக் வீலாண்டு 1927ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசைப் பெற்றார். பரிசு பெற்ற அவ்வடிவம் பிழையானது என்பது 1932இல் தெரிய, அதனைத் திருத்தியவர்களுள் அவரும் ஒருவர். இன்றைய அளவை முறைகள் அத்திருத்தத்திற்குப் பின் தோன்றியவை.

மருத்துவமனை ஆய்வகங்களில் இன்று பெரிதும் வழங்குவது நொதிமுறை. மனிதரின் பித்த அமிலங்களுள் பெரும்பாலானவற்றின் மூன்றாம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி குறிப்பிட்ட திசை நோக்கி நிற்கும். அதனைப் பற்றும் நொதியைச் சீரத்தில் சேர்ப்பர். நொதி அங்கிருந்து ஹைட்ரஜனை எடுத்துத் துணைநொதி ஒன்றுக்கு வழங்க, துணைநொதி மஞ்சள் நிறம் பெறுகிறது. அந்நிறத்தை 405 நானோமீட்டர் அலைநீள ஒளியால் அளப்பர். ஆனால், சீரத்திலுள்ள அமிலமோ மிகக் குறைவு. நிறமும் மங்கலாகவே தோன்றும். இதற்குக் கண்ட வழி நயமானது. மாறிய அமிலத்தை அதே நொதியைக் கொண்டே பழைய நிலைக்குத் திருப்புகின்றனர். அது மறுபடி மாறும்போது மறுபடியும் சிறிது நிறம் சேர்கிறது. ஒரே வாளி கிணற்றில் பலமுறை இறங்கி ஏறித் தொட்டியை நிரப்புவது போன்றது இது. நிறம் ஏறும் வேகத்திலிருந்து அமிலத்தின் அளவைக் கணிக்கின்றனர்.

விரைவும் சிக்கனமும் உடைய இம்முறைக்கு ஒரு குறை உண்டு. நொதி இனம் பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் கூட்டி மொத்தம் என்று ஓர் எண்ணைத் தருகிறது. பித்தநீர்த் தேக்கத்திற்கு வழங்கப்படும் உர்சோடிஆக்சிகோலிக் அமிலம் என்னும் மருந்தும் ஒரு பித்த அமிலமே. மருந்துண்ணும் தாயின் குருதியில் அதுவும் மொத்தத்தில் சேர்ந்துவிடும். எண் குறையவில்லையெனில், நோய் தணியவில்லை என்பதா, மருந்து சேர்ந்திருக்கிறது என்பதா? தாளைப் பார்த்து அறிய இயலாது. உணவும் எண்ணை உயர்த்தும். காலையில் நான்கு இட்டலி உண்டு வந்தவருக்கும் உண்ணாமல் வந்தவருக்கும் ஒரே வரம்பை வைத்துத் தீர்ப்புக் கூறுதல் முறையன்று.

அமிலங்களைத் தனித்தனியே அளக்க வல்லது, நீர்ம வண்ணப்பிரிகையும் நிறை நிறமாலைமானியும் இணைந்த முறை. நிறை நிறமாலைமானி மூலக்கூறுகளை நிறுத்துப் பார்க்கும் கருவி எனலாம். அதுமட்டும் போதாது. கீனோடிஆக்சிகோலிக், டிஆக்சிகோலிக், உர்சோடிஆக்சிகோலிக் ஆகிய மூன்று அமிலங்களுக்கும் 24 கார்பன், 40 ஹைட்ரஜன், 4 ஆக்சிஜன் என்று வாய்பாடு ஒன்றே, நிறையும் ஒன்றே. ஹைட்ராக்சில் தொகுதி நிற்கும் இடமோ திசையோதான் வேறு. ஆதலின் வண்ணப்பிரிகைக் குழாயில் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்த பின்னரே கருவிக்குள் செலுத்துகின்றனர்.

சீரத்திலிருந்து புரதத்தை நீக்கும்போது அமிலமும் சிறிது இழக்கப்படும். அதனை ஈடுசெய்ய, ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டிரியம் ஏற்றிய அதே அமிலத்தைத் தெரிந்த அளவில் முதலிலேயே கலந்துவிடுவர். மூட்டையிலுள்ள மணிகளை எண்ணுமுன் சாயமிட்ட நூறு மணிகளை அதில் கலப்பதாகக் கொள்வோம். வழியில் மூட்டை சிந்தி, இறுதியில் சாயமிட்டவை எண்பதே எஞ்சினால், மற்றவையும் அதே விகிதத்தில் குறைந்திருக்கும் என்று கணக்கிடலாம். அளவையில் நேரும் இழப்பை மறைக்காமல், அதனையும் அளந்துவிடும் இவ்வுத்தியே இம்முறையின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

விலை மிகுந்த கருவி எங்கும் வேண்டும் என்பது என் வாதமன்று. தேக்கம் உண்டா என்னும் முதல் வினாவிற்கு நொதிமுறை தரும் மொத்தம் போதுமானது. மருந்து தொடங்கிய பின் ஐயம் எழுமாயின் பிரித்து அளத்தல் நன்று. எம்முறையாயினும், ஆய்வக அறிக்கையில் எண்ணுக்கு அருகே அளந்த முறையும், குருதி எடுத்த நேரம் உணவுக்கு முன்னா பின்னா என்பதும், உண்டுவரும் மருந்தும் குறிக்கப்படல் வேண்டும். இதற்குப் புதிய கருவி தேவையில்லை. தாளில் ஒரு வரி கூடினால் போதும்.