முடக்கியதை மறைக்காதீர்கள்

மாண்புமிகு மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



தகவல் ஒலிபரப்புத் துறையும் தங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. அதனால் இரண்டு அமைச்சகங்களிடமும் வைக்க வேண்டிய ஒரு கோரிக்கையை ஒரே கடிதத்தில் எழுதுகிறேன். அரசு ஓர் இணையப் பக்கத்தை முடக்கினால், முடக்கியது அரசுதான் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எந்தச் சட்டத்தின் கீழ், என்ன காரணத்துக்காக என்பது எழுதியவருக்கும் தெரிய வேண்டும், படிக்க வருகிறவருக்கும் தெரிய வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

2025 பிப்ரவரி 15ஆம் தேதி மாலை, விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. செல்பேசித் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் தளத்தை அணுக முடியவில்லை என்று வந்து நின்றது. இப்படிப்பட்ட நேரத்தில் யாரும் முதலில் அரசை நினைப்பதில்லை. டேட்டா தீர்ந்துவிட்டதா என்று பார்ப்போம், ரவுட்டரை அணைத்துப் போடுவோம், 'உனக்குத் திறக்குதா?' என்று நண்பரிடம் வாட்ஸ்அப்பில் கேட்போம். அன்றிரவு விகடனேகூட, தளம் திறக்கவில்லை என்று வாசகர்கள் சொல்கிறார்கள், அரசிடமிருந்து முறையான அறிவிப்பு எதுவும் வரவில்லை என்றுதான் தெரிவிக்க முடிந்தது. நூறாண்டை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பத்திரிகை நிறுவனம், தன் கதவு பூட்டப்பட்டிருக்கிறது என்பதையே தன் வாசகர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அதற்குச் சில நாட்களுக்கு முன் விகடன் பிளஸ் இணைய இதழில் ஒரு கார்ட்டூன் வந்திருந்தது. அமெரிக்காவிலிருந்து இந்தியர்களைக் கைவிலங்கு மாட்டித் திருப்பி அனுப்பிய நேரம் அது. அதிபர் டிரம்ப் பக்கத்தில் நம் பிரதமர் விலங்கோடு உட்கார்ந்திருப்பதுபோல் வரைந்திருந்தார்கள். அந்தக் கார்ட்டூன் சரியா, வரம்பு மீறியதா என்று இரு தரப்பிலும் பேச இடம் உண்டு. ஆனால் அந்த ஒரு படத்துக்காக முழுத் தளமும் போயிற்று. சமையல் குறிப்பு, பங்குச் சந்தை, விவசாயக் கட்டுரை என எல்லாமே சேர்ந்து போயின. அமைச்சகத்தின் நோட்டீஸ் வந்ததே அதற்குப் பிறகுதான். மார்ச் 6 அன்று, கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் முடக்கத்தை விலக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே தளம் மீண்டது.

இதே விகடனுக்கு 1987இல் நடந்ததையும் தாங்கள் அறிந்துகொள்ள வேண்டும். எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் பற்றி அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது. சட்டமன்றம் கொதித்தது, ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்துச் சிறைக்கு அனுப்பியது. நடந்தது அநியாயம்தான். ஆனால் அது பட்டப்பகலில் நடந்தது. தண்டித்தது யார், எந்தத் துணுக்குக்காக என்று டீக்கடையில் பேப்பர் படித்த ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. தெரிந்ததால்தான் எதிர்ப்பு எழுந்தது, சில நாட்களிலேயே அவரை விடுதலை செய்ய வேண்டியதாயிற்று. பிறகு அவர் வழக்குப் போட்டு, அந்தக் கைது செல்லாது என்ற தீர்ப்பையும் ஆயிரம் ரூபாய் இழப்பீட்டையும் பெற்றார். முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு படியிலும் எதிர்த்து நிற்க ஓர் ஆணை அவர் கையில் இருந்தது.

வெளியே தெரியாமல் நடக்கும் தணிக்கை இதற்கு நேர்மாறு. ரே பிராட்பரி 1953இல் எழுதிய 'ஃபாரன்ஹீட் 451' நாவலைத் தாங்கள் அறிந்திருக்கலாம். அதில் தீயணைப்புத் துறையினரின் வேலை புத்தகங்களைக் கொளுத்துவது. புத்தகம் வைத்திருக்கும் வீட்டை நோக்கி மணியடித்துக்கொண்டு வண்டி போகும். அந்தத் தீ எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அந்த நாவலில் என்னை அதிகம் கலங்க வைப்பது கதாநாயகன் மான்டாகின் மனைவி மில்ட்ரெட்தான். அவள் வீட்டு வரவேற்பறையில் மூன்று சுவர்கள் தொலைக்காட்சித் திரைகள்; நாலாவதையும் வாங்க வேண்டும் என்பது அவள் ஆசை. திரையில் ஓடும் நாடகத்தில் அவளுக்கும் ஒரு வேடம் உண்டு. வசனத்தாள் தபாலில் வந்துவிடும். அவள் முறை வரும்போது திரையில் இருப்பவர்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் சொல்ல வேண்டியதெல்லாம் 'ஆமாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்' என்பது போன்ற ஒரு வரி. அதைச் சொல்லிவிட்டு, தானும் கலந்துகொண்ட மகிழ்ச்சியில் இருப்பாள். அந்த நாட்டில் தணிக்கை எப்படி வந்தது என்று தீயணைப்புத் தலைவர் பீட்டி விளக்குவார்: முதலில் எந்த அரசாணையும் வரவில்லை, எல்லாம் சுருக்கமாக வேண்டும் என்றார்கள், யார் மனமும் புண்படக் கூடாது என்றார்கள், தீப்பெட்டி கடைசியாகத்தான் வந்தது.

இந்த நாவலுக்கே நேர்ந்த கதி நாவலைவிட அதிகம் சொல்கிறது. 1967இல் இதன் பதிப்பகம் பள்ளி மாணவர்களுக்கென்று ஒரு பதிப்பைக் கொண்டுவந்தது. எழுபத்தைந்து இடங்களில் கை வைத்தார்கள். வசைச்சொற்கள் போயின, குடிகாரன் ஒருவன் நோயாளி ஆனான். திருத்தப்பட்ட பதிப்பு என்று புத்தகத்தில் எங்கும் ஒரு வார்த்தை இல்லை. சில ஆண்டுகளில் மூலப்பதிப்பு அச்சிடப்படுவது நின்று, வெட்டப்பட்டதுதான் கடைகளில் கிடைத்தது. புத்தக எரிப்பைப் பற்றிய புத்தகத்தை வெட்டி விற்கிறார்கள் என்பது அதை எழுதியவருக்கே தெரியவில்லை. 1979 வாக்கில் வாசகர்கள் சொல்லித்தான் பிராட்பரிக்குத் தெரிந்தது. சண்டை போட்டு மூலத்தை மீட்டார். கொளுத்தியிருந்தால் அன்றைக்கே புகை தெரிந்திருக்கும். சத்தமில்லாமல் வெட்டியதால் பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமலே ஓடியது.

நம் நாட்டில் புத்தகத்தைத் தடை செய்யும் சட்டம் இந்த விஷயத்தில் நேர்மையாகவே இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்திலேயே, பறிமுதல் ஆணையை அரசிதழில் அடிப்படைக் காரணங்களோடு வெளியிட வேண்டும், பாதிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றம் போகலாம் என்று வைத்திருந்தார்கள். 1928இல் பாரதியின் பாடல்கள் பறிமுதலானபோது சென்னைச் சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி எழுந்து நின்று கேள்வி கேட்க முடிந்தது, பறிமுதல் ஊரறிய நடந்ததால்தான். அந்த விதி சுதந்திர இந்தியாவிலும் தொடர்ந்தது. இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98ஆம் பிரிவாக இருக்கிறது.

அந்த விதிக்கு எவ்வளவு பலம் என்பதைக் காட்டிய வழக்கு ஒன்று தமிழ்நாட்டோடு தொடர்புடையது. பெரியாரின் இராமாயண நூலை லலாய் சிங் யாதவ் இந்தியில் கொண்டுவந்தார். 1969இல் உத்தரப் பிரதேச அரசு அதைப் பறிமுதல் செய்தது. ஆட்சேபமான பக்கங்களையும் வரிகளையும் பட்டியலிட்ட ஆணை, அவை ஏன் குற்றம் என்று சொல்லவில்லை. அலகாபாத் உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 1976 செப்டம்பரில் நீதிபதி கிருஷ்ணய்யர் உள்ளிட்ட உச்ச நீதிமன்ற அமர்வு, காரணம் சொல்லாத பறிமுதல் செல்லாது என்று மேல்முறையீட்டைத் தள்ளியது. நாள் கவனிக்க வேண்டியது: நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த செப்டம்பர் அது. அந்த இருட்டிலும் ஒரு புத்தகத்துக்குக் கிடைத்த நியாயம் இன்று ஓர் இணையப் பக்கத்துக்குக் கிடைப்பதில்லை.

ஏனென்றால் இணையப் பக்கத்தை முடக்குவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவும் 2009ஆம் ஆண்டு விதிகளும். அந்த விதிகளில் 16ஆவது, புகாரையும் அதன் மேல் எடுத்த நடவடிக்கையையும் கண்டிப்பாக ரகசியமாக வைக்கச் சொல்கிறது. 2015இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் அதே சட்டத்தின் 66ஏ பிரிவை அடித்துப்போட்ட உச்ச நீதிமன்றம் 69ஏவை விட்டுவைத்தது. காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும், அதை ரிட் மனு போட்டு எதிர்க்கலாம் என்ற பாதுகாப்பு இருக்கிறதே என்பது நீதிமன்றத்தின் நம்பிக்கை. ஆணையின் நகலே கையில் கிடைக்காதவர் எதை இணைத்து மனுப் போடுவார்? வரதட்சணையைக் கேலி செய்ய ஒரு பத்திரிகையாளர் கால்குலேட்டர் தளம் ஒன்றை நடத்தினார். மாப்பிள்ளையின் வேலை, சம்பளம் போன்றவற்றைப் போட்டால் தொகை காட்டும். 2018இல் அது முடங்கியது. ஏன் என்று அவர் கேட்டபோது ரகசியம் என்றார்கள். ஆணையின் நகலை அவருக்குக் கொடுங்கள், அவர் தரப்பைக் கேளுங்கள் என்று தில்லி உயர் நீதிமன்றம் சொல்ல 2022 மே மாதம் ஆயிற்று. நான்கு ஆண்டுகள்! வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர் என்ன செய்திருப்பார் என்று தாங்களே எண்ணிப் பாருங்கள்.

முடக்கங்களின் அளவும் சிறியதல்ல. 2014இல் 471 ஆக இருந்த முடக்கங்கள் 2020இல் 9,849 ஆனதாக அரசின் கணக்கே சொல்கிறது. இப்போது 69ஏவோடு சேர்ந்து இன்னொரு வழியும் இருக்கிறது. அதே சட்டத்தின் 79ஆவது பிரிவின் கீழ், சஹ்யோக் என்ற அரசுத் தளம் வழியாக அரசுத் துறைகளும் காவல் துறையும் நேரே இணைய நிறுவனங்களுக்கு நீக்கச் சொல்லி அனுப்பலாம். நீக்காவிட்டால் நிறுவனம் தன் சட்டப் பாதுகாப்பை இழக்க நேரும். 2025 அக்டோபரில் தங்கள் அமைச்சகம் விதியைத் திருத்தி, இணைச் செயலர் அல்லது காவல் துறை டி.ஐ.ஜி. நிலைக்குக் கீழே உள்ளவர்கள் இந்த ஆணையை அனுப்பக் கூடாது, காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று வைத்தது. நல்ல திருத்தம், வரவேற்கிறேன். ஆனால் அந்தக் காரணம் நிறுவனத்துக்குப் போகிறது. பதிவை எழுதியவருக்கும் படிக்க வந்தவருக்கும் வந்து சேர வழியில்லை.

ரகசியத்தின் விளைவு முடங்கிய பக்கங்களோடு நிற்பதில்லை. எது குற்றம் என்று தெரியாத இடத்தில் மனிதன் எல்லாவற்றையும் குற்றமாக நினைத்துக்கொள்கிறான். தமிழ் யூடியூப் சேனல்களைப் பாருங்கள். கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை என்ற சொற்கள் வரும் இடத்தில் குரலை நிறுத்துகிறார்கள்; எழுத்தில் நடுவே நட்சத்திரக் குறி போடுகிறார்கள். செய்தி வாசிப்பவரின் வாய் அசைகிறது, ஓசை இல்லை. இதற்கு அரசு ஆணை போடவில்லை. நிறுவனத்தின் கணினி வருமானத்தை வெட்டிவிடும் என்ற பயம்தான். ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமையின் பெயரையே சொல்லாமல் அதைச் செய்தியாக்குகிற பழக்கம் வந்துவிட்டது. இந்தப் பயத்தின் மேல் அரசின் ரகசியமும் ஏறினால், 'நமக்கு எதுக்கு வம்பு' என்பதே எழுதுகிறவர்களின் முதல் விதியாகிவிடும். எழுத உட்காரும் இளைஞர்களிடம் அது தெரிகிறது. அமைச்சர் பெயர் வரும் வரியைத் தாங்களே எடுத்துவிடுகிறார்கள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. மில்ட்ரெட்டுக்காவது வசனத்தாள் தபாலில் வந்தது.

எதையுமே முடக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். 2023இல் வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, அவர்களும் அவர்கள் குடும்பங்களும் நடுங்கினார்கள். இப்படிப்பட்டதை வேகமாக நிறுத்தத்தான் வேண்டும். வதந்தியை நிறுத்தும்போது, இதை அரசு நிறுத்தியது, இது பொய் என்று அந்த இடத்திலேயே எழுதி வைத்தால் வதந்தி இன்னும் பலவீனப்படும். ஒன்றும் சொல்லாமல் எடுத்தால் 'பார்த்தாயா, உண்மை என்பதால்தான் மறைக்கிறார்கள்' என்ற பேச்சுதான் கிளம்பும்.

இதைச் செய்ய ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு பக்கம் இல்லாதபோது 404 என்று வருவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதுபோல, சட்டக் காரணத்தால் ஒரு பக்கம் தரப்படவில்லை என்பதைச் சொல்ல 2015இல் ஓர் எண் முறைப்படி ஏற்கப்பட்டது. அந்த எண் 451. பிராட்பரியின் நாவலை நினைத்தே டிம் பிரே என்ற பொறியாளர் அதை முன்மொழிந்தார். தடுக்கச் சொன்னது யார், எந்தச் சட்டம் என்ற விளக்கத்தையும் அந்தப் பக்கத்தில் சேர்க்க இடம் உண்டு. பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்பில் நடுவில் நிற்கும் சேவை நிறுவனத்தால் இந்த அறிவிப்பைக் காட்ட முடியாது என்று தங்கள் பொறியாளர்கள் சொல்லக்கூடும். அது உண்மை. தளம் நடத்துகிறவர்களும் சமூக ஊடக நிறுவனங்களும் காட்டலாம். மற்றவற்றுக்கு யாரும் தேடிப் பார்க்கக்கூடிய ஒரு பொதுப் பட்டியலைத் தங்கள் அமைச்சக இணையதளத்தில் வைக்கலாம்.

எனவே 16ஆவது விதியைத் திருத்துங்கள். முகவரி தெரிந்த எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் ஆணையின் நகலைக் கட்டாயம் அனுப்பச் செய்யுங்கள். இணையச் சேவையையே நிறுத்தும் ஆணைகளை வெளியிட வேண்டும் என்று 2020இல் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு மாவட்டத்தின் இணையத்தை நிறுத்தும் ஆணையை வெளியிட முடியும் என்றால் ஒரு பக்கத்தை நிறுத்தும் ஆணையையும் வெளியிட முடியும். குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்கள் இருக்கும் முகவரிகளை யாரும் கேட்கவில்லை. அவற்றின் எண்ணிக்கையும் சட்டப் பிரிவும் போதும். நாட்டின் பாதுகாப்பு என்றால் அந்த வரிகளை மட்டும் மறைத்து மீதியை வெளியிடுங்கள். விகடன் தளத்தை எந்தத் தேதியில், எந்த ஆணையின்படி, என்ன காரணம் எழுதி முடக்கினீர்கள் என்பதை முதல் ஆவணமாக வெளியிட்டுத் தொடங்கலாம். அடுத்த நாடாளுமன்றக் கூட்டத்தொடருக்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

மரியாதையுடன்,
ஒரு தமிழ் வாசகர்