பூக்குழி யாருடையது?

மழைக்காலம் வந்தால் ஆண்டுதோறும் இதே காட்சி. மைசூரிலிருந்து உதகைக்குச் செல்வோர் குண்டலுபேட்டைச் சாலையோரத்தில் வண்டியை நிறுத்திச் செண்டுமல்லித் தோட்டத்தில் நின்று படம் எடுத்துப் பதிவிடுகிறார்கள். அப்படங்களின் கீழே இரண்டு கருத்துகள் தவறாமல் வந்துவிடும். "இங்கேயே பெரிய ஆலை கட்டினால் உழவர் பிழைப்பர்" என்பது ஒன்று. "பந்திப்பூர்க் காட்டின் வாசலில் ஆலை என்ற பேச்சே கூடாது" என்பது மற்றொன்று. இரு தரப்பாரும் ஆலையை ஒற்றைக் கட்டடமாகக் கற்பனை செய்கிறார்கள். என் மறுப்பு அங்கிருந்தே தொடங்குகிறது.

கன்னடத்தில் 'செண்டு ஹூவு' எனப்படும் இந்தப் பூவில் பெரும்பகுதி மாலைக்குப் போவதில்லை. இதழிலுள்ள லூட்டின் என்னும் நிறமிக்காகவே ஒப்பந்த முறையில் பயிரிடப்படுகிறது. கோழித் தீவனத்தில் சேர்த்தால் முட்டையின் மஞ்சள் கரு நிறம் கூடும். கண்ணுக்கான மாத்திரைகளிலும் அது சேர்கிறது. ஆனால் பறித்த பூவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர். குவித்து வைத்தால் சூடேறி, இரண்டொரு நாளில் அழுகத் தொடங்கும். ஆகவே முதல் வேலை அதைக் குழியிலிட்டு மிதித்து, காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைப்பது. மாட்டுக்கு ஊறுகாய்ப்புல் போடுகிறோமே, அதே வித்தை. (பூக்குழி என்றால் நம் ஊர்களில் தீமிதி; இங்கே தீக்குப் பதிலாகப் புளிப்பு.) பிறகு பிழிந்து, உலர்த்தி, அரைத்துக் குருணையாக்குவர். குருணையானபின் பூ மாதக்கணக்கில் காத்திருக்கும், எத்தனை தொலைவும் பயணம் செய்யும்.

அதன் பின்னரே ஹெக்சேன் கரைப்பானில் ஊறவைத்துச் சாறெடுக்கும் பிரிவு வருகிறது. 'ஆலை' என்றதும் எல்லாரும் நினைப்பது இதைத்தான். ஹெக்சேன் ஏறத்தாழ 69 பாகை செல்சியசில் கொதிக்கும். அதன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து சாக்கடையிலும் பள்ளத்திலும் தேங்கும். காற்றில் 1.1 விழுக்காடு கலந்தாலே ஒரு பொறி போதும். எனவே பள்ளமில்லாத தரை, சுவரற்ற கொட்டகை, பொறி தெறிக்காத மின்கருவிகள், ஒவ்வொரு குழாய்க்கும் நில இணைப்பு, சுற்றிலும் வெற்றிடம், கூப்பிடு தூரத்தில் தீயணைப்பு ஆகியவை வேண்டும். போபாலுக்குப் பின் 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, அபாயகரமான ஆலைகளுக்கு இட ஆய்வுக் குழு வந்ததும் இத்தகைய காரணங்களுக்காகவே. பூ வருவது சில மாதங்களே. எஞ்சிய மாதங்களில் மிளகாயோ மஞ்சளோ மிளகோ போடாவிட்டால் இந்தப் பிரிவு வெறுமனே நிற்கும். பூந்தோட்டத்தின் நடுவே அது நிற்கவேண்டிய தேவை என்ன? வடக்கே 35 கி.மீ. அளவில் நஞ்சன்கூட்டில் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே போகட்டும்.

குண்டலுபேட்டையில் இருக்கவேண்டியது குழியும் பிழிபொறியும் உலர்த்தியும். அவை யார் பெயரில் இருக்கின்றன என்பதே என் கேள்வி.

அழுகும் பொருளை வைத்திருப்பவர் பேரம் பேச முடியாது. காலையில் பறித்த பூவோடு எடை மேடையில் நிற்கும் உழவரிடம் "ஈரம் அதிகம், இத்தனை கிலோ கழிவு" என்றால் அவர் என்ன செய்வார்? திரும்பிக் கொண்டுபோய்க் கொட்டுவாரா? களப்பணியில் இக்குறையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். குழியை வைத்திருப்பவரோ பல வாரம் காத்திருக்கலாம். வரைபடத்தில் அது வெறும் செவ்வகம். ஊரில் அதுவே அதிகாரம்.

ஆனந்தின் கதை இதைத்தான் சொல்கிறது. 1946இல் கெய்ரா கூட்டுறவு ஒன்றியம் உருவான பிறகும், குளிர்காலத்தில் மிகுந்த பாலைப் பம்பாய் ஏற்கவில்லை. 1955இல் நேரு திறந்துவைத்த பால் ஆலையில் எருமைப் பாலைப் பொடியாக்க முடிந்தது. அதன்பின் மிகுபால் சுமையாக இல்லாமல் சரக்காயிற்று. சேமித்து வைக்கும் ஆற்றல் உற்பத்தியாளர் கைக்கு வந்ததே அங்கு நிகழ்ந்த மாற்றம்.

அருகில் ஆலை வந்தாலே போதும் என்போருக்கு மைசூரின் சந்தன எண்ணெயை நினைவூட்டுகிறேன். முதல் உலகப் போர் மூண்டு ஜெர்மனிக்குக் கட்டை போவது நின்றபின், இந்திய அறிவியல் கழகத்தில் சுட்பரோவும் வாட்சனும் வடித்துக் காட்டிய எண்ணெயை அடிப்படையாகக் கொண்டு 1916இல் பெங்களூரிலும் தொடர்ந்து மைசூரிலும் ஆலைகள் எழுந்தன. அருமையான பணி, மறுக்கவில்லை. ஆனால் தன் வயலில் தானே முளைத்த சந்தன மரம்கூட உழவருக்குச் சொந்தமில்லை. 2001இல் கர்நாடக வனச் சட்டம் திருத்தப்படும் வரை அது அரசின் சொத்தாகவே இருந்தது. ஆலை பக்கத்தில் இருந்தும் மரத்துக்குக் காவல் இருந்தவருக்குப் பயனில்லை.

என் வாதத்துக்கும் இரண்டு இடர்கள் உண்டு. முதலாவது, குழியிலும் பிழிபொறியிலும் வடியும் நீர். புளிப்பேறிய அந்நீர் ஓடையில் கலந்தால் அங்குள்ள உயிர்வளியைத் தின்றுவிடும். ஓடை குண்டலு ஆற்றுக்கும், ஆறு நஞ்சன்கூட்டில் கபினிக்கும் போகிறது. நான் படித்த திட்ட வரைவுகளில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு கடைசிப் பக்கத்துப் பத்தியாகவே இருந்தது. இரண்டாவது, இன்னும் கடுமையானது: உலர்த்திக்கு எரிபொருள். அறுவடையோ மழைக்காலத்தில், வெயிலை நம்ப முடியாது. விறகு என்றால் எந்தக் காட்டின் விறகு? பந்திப்பூரைச் சுற்றி 2012இல் அறிவிக்கப்பட்ட சூழல் கூருணர்வு மண்டலத்தை வைத்துக்கொண்டு இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. பிழிபொறியில் எவ்வளவு நீரை எடுத்துவிடுகிறோமோ அவ்வளவு எரிபொருள் மிச்சம். பணத்தை அந்தப் பொறியில் கொட்டுங்கள். அலுவலக மாளிகை பிறகு வரட்டும்.

"உழவர்களால் இதை நடத்த இயலுமா?" என்று கேட்கும் பேராசிரியர்கள் உண்டு. குழி வெட்டுவதும் மூடுவதும் கால்நடை வளர்ப்போர் அறியாத கலையன்று. அவர்களிடம் இல்லாதது பூவின் லூட்டின் அளவைத் தாமே அளக்கும் ஆய்வகம். ஒரு நிறமாலைமானியும் அதை இயக்கப் பயின்ற ஓர் இளைஞரும் இருந்தால் எடை மேடையில் நடக்கும் உரையாடல் மாறும். கிலோவுக்கு விலை என்பது நிறமிக்கு விலை என்றாகும்.

அடுத்து யாரேனும் ஆலையின் வரைபடத்தைக் கிராம சபையில் விரித்தால், தேறகணாம்பி, ஹங்களா, பேகூர்ப் பக்கத்து நண்பர்கள் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். கரைப்பான் பிரிவை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில், குழி எந்தப் பட்டா எண்ணில் இருக்கிறது என்று பார்ப்பேன்.